ஜுராசிக் ஓடுகளின் உள்கட்டு



திரையில் இரண்டு பிராக்கியோபாட் ஓடுகள் தெரிகின்றன. இரண்டும் இங்கிலாந்தின் நடு லையாஸ் எனப்படும் ஜுராசிக் பாறைகளில் கிடைப்பவை. 18 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழையவை. இரண்டும் வழவழவென்று இருக்கின்றன. இரண்டுக்கும் மேல்முனை வளைந்திருக்கிறது, அதில் ஒரு வட்டத் துளை இருக்கிறது. அளவும் கிட்டத்தட்ட ஒன்றுதான். இடப்பக்கம் இருப்பது லோபோதைரிஸ், வலப்பக்கம் இருப்பது ஸெய்லேரியா. கலந்து போட்டால் பழகிய கண்கூடக் கொஞ்சம் தயங்கும். ஆனால் இவற்றின் முன்னோர் ஜுராசிக் காலம் பிறப்பதற்கு முன்பே இரு கிளைகளாகப் பிரிந்துவிட்டார்கள். ஒன்றாக வாழ்ந்து, ஒன்றைப்போல் ஒன்று தோன்றி, ஒரே சேற்றில் புதைந்தவை என்பதைத் தவிர இவற்றுக்குள் நெருங்கிய சொந்தம் கிடையாது.

இது எப்படித் தெரிந்தது? உள்ளே பார்த்ததால் தெரிந்தது. ஸெய்லேரியாவின் முதுகு ஓட்டுக்குள் நடுவில் ஒரு சுவர் ஓடுகிறது. வயிற்று ஓட்டில், ஓடுகளைக் கோக்கும் பற்களைத் தாங்க இரண்டு தகடுகள் இருக்கின்றன. முன்விளிம்பை நோக்கி நெடுந்தூரம் போய்த் திரும்பும் ஒரு சுண்ணாம்பு வளையமும் உண்டு. லோபோதைரிஸுக்கு நடுச்சுவரும் இல்லை, பல் தகடும் இல்லை. வளையமும் குட்டை, ஓட்டின் பின்பகுதியோடு முடிந்துவிடுகிறது.

இன்று நான் சொல்ல வந்தது இதைத்தான். ஜுராசிக் பிராக்கியோபாடுகளுக்கு வெளித்தோற்றத்தை நம்பி வைத்த பெயர்களில் மிகப் பலவற்றைப் பின்னால் மாற்ற வேண்டியதாயிற்று. உறவு ஓட்டுக்குள்ளே இருக்கிறது. அதைப் பார்க்க வேண்டுமானால், இத்தனை கோடி ஆண்டுகள் தப்பிப் பிழைத்து நம் கைக்கு வந்த பொருளை நாமே அழித்தாக வேண்டும். நூறாண்டுக்கு மேல் இந்தத் துறை அப்படித்தான் நடந்தது. அழித்தவர்கள் எப்படி அழித்தார்கள், எதை மிச்சம் வைத்துவிட்டுப் போனார்கள் என்பதை வைத்தே அவர்களின் வேலையை நான் மதிப்பிடுகிறேன்.

முதலில் விலங்கைப் பற்றிக் கொஞ்சம். இரண்டு ஓடுகளைக் கண்டதும் மட்டி, சிப்பி இனம் என்று நினைக்கத் தோன்றும். பிராக்கியோபாட் அந்த இனமே இல்லை. மெல்லுடலிகளுக்கு வெளியே இது தனித் தொகுதி. மட்டியின் ஓடுகள் இடமும் வலமுமாக அமைந்தவை. பிராக்கியோபாடுக்கு வயிற்றுப்பக்கம் ஓர் ஓடு, முதுகுப்பக்கம் ஓர் ஓடு. வயிற்று ஓட்டின் அலகில் உள்ள துளை வழியே சதைக்காம்பு ஒன்று வெளியே வந்து பாறையையோ வேறொரு ஓட்டையோ பற்றிக்கொள்ளும். இன்றைய கடல்களில் சுமார் 400 இனங்கள் வாழ்கின்றன. புதைபடிவமாக 12,000 இனங்களுக்கு மேல் விவரிக்கப்பட்டுள்ளன. வாழ்கிறவற்றைவிட மறைந்தவையே பல மடங்கு அதிகம் என்பதால், இந்தத் தொகுதியைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி கல்லிலிருந்து வந்தது.

இன்னொரு வேறுபாடு நம் வேலைக்கு மிக முக்கியம். மட்டியின் கீலில் மீள்தன்மையுள்ள ஒரு நார் இருக்கிறது. தசை இறுக்கினால் ஓடு மூடும். தசை தளர்ந்தால் நார் தானாகவே ஓட்டைத் திறந்துவிடும். அதனால் செத்த மட்டி வாய் பிளந்து, ஓடுகள் பிரிந்து, அலையில் தனித்தனியாகப் போய்விடும். பிராக்கியோபாடோ திறக்கவும் தசையை இயக்குகிறது, மூடவும் தசையை இயக்குகிறது. வயிற்று ஓட்டின் இரண்டு பற்கள் முதுகு ஓட்டின் இரண்டு குழிகளில் கோத்துக்கொண்டிருக்கும். செத்தபின் திறந்துவிட எதுவும் இல்லை. ஆகவே ஜுராசிக் பாறைகளில் இவை பெரும்பாலும் இரண்டு ஓடும் சேர்ந்தபடியே கிடைக்கின்றன. அருங்காட்சியகத்துக்கு இது பெரிய வரம். உள்ளே பார்க்க வேண்டியவருக்கு இதுவே பெரிய தடை.

மூடிய ஓட்டுக்குள் என்ன ஆகிறது? சில ஓடுகளில் சேறு முழுவதும் புகுந்து இறுகிவிடுகிறது. சிலவற்றில் பாதிவரை சேறு படிந்து, மேலே எஞ்சிய வெற்றிடத்தில் கால்சைட் படிகம் வளர்கிறது. அப்படிப்பட்ட ஓட்டை வெட்டிப் பார்த்தால் சேற்றின் மேல்மட்டம் நேர்கோடாகத் தெரியும். அன்று கடலடியில் கிடைமட்டம் எது, ஓடு எந்தப் பக்கம் சாய்ந்து கிடந்தது என்று அந்தக் கோடே சொல்லிவிடும். உள்ளிருக்கும் தாங்கிகளும் கால்சைட்தான், அவற்றைச் சூழ்ந்த நிரப்பும் கால்சைட்தான். ஒரே பொருளுக்குள் ஒரே பொருளைத் தேடுவதுதான் இந்த வேலையின் கஷ்டம்.

எதைத் தாங்க இத்தனை கட்டுமானம்? லோஃபோஃபோர் என்ற உறுப்பை. நுண்ணிய இழைகள் வரிசையாக நிற்கும் நீண்ட புயம் அது. இழைகளின் மேலுள்ள மயிர்கள் அசைந்து நீரோட்டத்தை உள்ளே இழுக்கும்; உணவுத் துகள்கள் வாய்க்குப் போகும்; மூச்சு வாங்குவதும் பெரும்பாலும் இங்கேதான். சதையான அந்த உறுப்பு புதைபடிவத்தில் எஞ்சுவதில்லை. அதைத் தாங்கிய சுண்ணாம்புச் சட்டம் மட்டும் எஞ்சுகிறது. அந்தச் சட்டத்தை வைத்துத்தான் ஜுராசிக் பிராக்கியோபாடுகளின் பெரிய பிரிவுகளைப் பிரிக்கிறோம்.

ரிங்கொனெல்லிட் வகைகளில் சட்டம் மிகக் குறைவு. கீலிலிருந்து முன்னோக்கி நீளும் இரண்டு தாங்குகால்கள், அவ்வளவுதான். லோஃபோஃபோரின் அடிப்பகுதியை மட்டும் அவை தாங்கும். மேலே அது தானே சுருளாக நிற்கும். இன்று நியூசிலாந்துக் கடலில் வாழும் நோட்டோசாரியாவைப் பார்த்துத்தான் இதை உறுதியாகச் சொல்ல முடிகிறது. டெரிப்ராட்டுலிட் வகைகளில் தாங்குகால்கள் நீண்டு, ஒன்றோடொன்று இணைந்து வளையமாகின்றன. ஸ்பிரிஃபெரினிட் வகைகளில் சுருள் முழுவதுமே சுண்ணாம்பாகியிருக்கும். ஓட்டுக்குள் இரண்டு கூம்புகள் பக்கவாட்டில் படுத்திருக்கும். வெட்டாமலே கண்ணைக் கவர்வது இந்தக் கடைசி வகைதான், அதுவும் வானிலைத் தேய்மானம் ஓட்டைச் சற்றே திறந்துவிட்டிருந்தால்.

இந்தக் கூம்புகள் ஜுராசிக்கின் முதற்பாதியிலேயே முடிந்துபோயின. சுமார் 18 கோடியே 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன், தோர்சியன் காலத் தொடக்கத்தில், கடல் வெப்பமேறியது. பல இடங்களில் அடிநீரில் ஆக்ஸிஜன் குன்றியது. ஸ்பிரிஃபெரினிட்களும், சுருள் தாங்கிய கடைசிச் சிறு குடும்பமான கோனின்கினிட்களும் அதற்குமேல் எங்கும் கிடைக்கவில்லை. பேலியோசோயிக் கடல்களில் எத்தனையோ வடிவங்களில் விளங்கிய ஓர் அமைப்பு அது. அது அற்றுப்போனதன் காரணம் குறித்து நான் எந்த முடிவையும் உங்கள் முன் வைக்கப்போவதில்லை. ஆனால் ஜுராசிக் பிராக்கியோபாடுகளைப் பற்றிப் பேசும் எவரும் இந்த எல்லைக்கோட்டைக் கடக்காமல் போக முடியாது. இதற்கு மேலே உள்ள பாறைகளில் ரிங்கொனெல்லிட்களும் டெரிப்ராட்டுலிட்களுமே களத்தை நிறைக்கின்றன.

இனி, பார்த்தவர்களின் கதை.

தாமஸ் டேவிட்சன் 1817-இல் எடின்பரோவில் பிறந்தவர். பிரிட்டனின் புதைபடிவப் பிராக்கியோபாடுகள் பற்றிய அவருடைய பெருநூல் 1851 முதல் பல பத்தாண்டுகள் பகுதி பகுதியாக வந்தது. தட்டுப்படங்களை அவரே வரைந்து கல்லச்சு எடுத்தார். 1861-இல் டார்வின் அவருக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. அடுத்தடுத்த அடுக்குகளிலிருந்து வரும் இனங்களுக்கு இடையே வாரிசுத் தொடர்ச்சி தெரிகிறதா என்று இந்த ஓடுகளை வைத்துப் பார்க்கும்படி அதில் கேட்டுக்கொண்டார். டேவிட்சனால் திருப்தியான விடை தர முடியவில்லை. அவர் கையில் இருந்தது பெரும்பாலும் வெளித்தோற்றம். அதை மட்டும் வைத்துக்கொண்டு வாரிசை எப்படிச் சொல்வது? அவர் தயங்கியதை நான் நியாயமென்றே நினைக்கிறேன். பின்னாளில் நார்மன் கிளாஸ் என்ற பாதிரியார் டேவிட்சனுக்காக சைலூரியன் கால ஓடுகளைக் கத்தியாலும் அமிலத்தாலும் பொறுமையாகச் சுரண்டி, உள்ளிருந்த சுருள்களை வெளிக்கொண்டு வந்தார். தெளிந்த கால்சைட் நிரம்பிய ஓடு வாய்த்தால்தான் அது கைகூடும்.

வெளித்தோற்றம் ஏமாற்றும் பிரச்சினையை ஜுராசிக் ஓடுகளில் நேராகச் சந்தித்தவர் சிட்னி சேவரி பக்மன். உறவில்லாத கிளைகள் வெவ்வேறு காலங்களில் ஒரே வடிவத்தைத் திரும்பத் திரும்ப எட்டுகின்றன என்பதை அவர் 1901-இல் ஜுராசிக் பிராக்கியோபாடுகளை வைத்தே எழுதினார். வழவழப்பான ஓடு பின்னர் மடிப்பு வாங்குகிறது. இன்னொரு கிளையில் அதுவே தனியாக நடக்கிறது. கடைசியில் இரண்டும் ஒன்றுபோல் நிற்கின்றன. இதற்கு ஹோமியோமார்ஃபி என்று பெயர்.

பக்மன் உள்ளே போன வழி நெருப்பு. ஓட்டைச் சுட்டு, பொறியவிட்டு உரித்தெடுப்பார். உள்ளே இறுகியிருந்த சேற்று வார்ப்பின் மேல் தசைகள் பற்றியிருந்த தழும்புகள் தெரியும். 1917 தேதியிட்டு இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பேலியண்டாலஜியா இண்டிகா வரிசையில் வந்த அவருடைய நூல், பர்மாவின் வடக்கு ஷான் மாநிலங்களில் உள்ள நம்யாவ் படுகைகளின் பிராக்கியோபாடுகளைப் பற்றியது. பெயருக்குப் பர்மா நூல். உள்ளடக்கத்தில் உலகின் ஜுராசிக் பிராக்கியோபாடுகளையெல்லாம் புதிதாக வகைப்படுத்த முயன்ற நூல். அதில் அவர் அள்ளித் தெளித்த இனப்பெயர்களில் பல நிற்கவில்லை. ஒரே கூட்டத்துக்குள் இருக்கும் சிறு வேறுபாடுகளுக்கெல்லாம் அவர் பெயர் வைத்துவிட்டார். சுட்ட ஓடு திரும்பி வராது என்பதும் உண்மை. இருந்தும், உள்ளே பார்க்காமல் பேரினம் வகுக்கக் கூடாது என்று இந்தத் துறையையே திருப்பிவிட்ட கை அவருடையது. அந்தக் கடனை நாம் மறுக்க முடியாது.

நெருப்பு தசைத் தழும்பைக் காட்டும், தாங்குகாலைக் காட்டாது. அதற்குத் தொடர்வெட்டு முறைதான் வழி. வெண்டைக்காயைக் காம்பிலிருந்து நுனிவரை வட்ட வட்டமாக நறுக்கினால், ஒவ்வொரு வில்லையிலும் அறைகள் எங்கே தொடங்குகின்றன, எங்கே அகல்கின்றன, விதை எந்த இடத்தில் ஒட்டியிருக்கிறது என்று தெரிகிறதல்லவா? வில்லைகளை வரிசையாக வைத்தால் முழுக்காயின் உள்கட்டையும் மனத்தில் எழுப்பிவிடலாம். கல்லில் வில்லை கிடைக்காது. வெட்டுவதற்குப் பதிலாகத் தேய்க்க வேண்டும். தேய்த்த பகுதி தூளாகப் போய்விடும். தேய்த்த முகம் ஒவ்வொன்றும் ஒரு முறைதான் காணக் கிடைக்கும்.

வேலையைக் கிட்ட இருந்து பார்ப்போம். தேய்ப்பதற்கு முன் ஓட்டைப் பல பக்கங்களிலிருந்து படம் எடுக்க வேண்டும், அளவெடுக்க வேண்டும், அச்செடுத்துப் பிளாஸ்டரில் வார்த்து வைக்க வேண்டும். பிறகு பிசினில் பதித்து, அலகுமுனையிலிருந்து தொடங்கி, மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றோ இரண்டோ தேய்க்க வேண்டும். முகத்தை மெருகேற்றி, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சில நொடிகள் காட்டுவார்கள். ஓட்டின் நார்க்கால்சைட்டும், உள்ளே நிரம்பிய சேறும், பின்னால் வளர்ந்த படிகமும் அமிலத்தில் ஒரே வேகத்தில் கரைவதில்லை, மேடுபள்ளம் விழும். அதன்மேல் அசிட்டோன் விட்டு, செல்லுலோஸ் அசிடேட் தாளை மெல்ல உருட்டிப் படியவைப்பார்கள். காய்ந்தபின் உரித்தால் அந்த முகத்தின் நுண்ணிய படிமம் தாளில் வந்துவிடும். பழந்தாவரவியலாளர்களிடமிருந்து நாம் கற்றுக்கொண்ட முறை இது. தாளை இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே வைத்து, அலகுமுனையிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் தூரம் என்று எழுதிவிட்டு, மறுபடி தேய்க்கப் போவார்கள்.

ஒரு ரிங்கொனெல்லிடை இப்படித் தேய்த்துக்கொண்டு போனால் என்ன தெரியும்? முதல் முகங்களில் வயிற்று ஓட்டின் அலகு மட்டும் இருக்கும். உள்ளே தரையிலிருந்து எழும் இரண்டு மெல்லிய கோடுகள், பல் தகடுகள். அடுத்து முதுகு ஓட்டின் நுனி காட்சிக்குள் வரும். அதன் நடுவில் ஒரு சுவர் எழும். பல வகைகளில் கீல் தகடுகள் இருபுறமிருந்தும் சாய்ந்து வந்து அந்தச் சுவரின் தலையில் சேர்ந்து, சிறு கிண்ணம் ஒன்றை உண்டாக்கும். பிறகு பற்கள் பருத்துக் குழிகளுக்குள் இறங்கும். ஓட்டின் இரண்டு பாதிகளும் கோத்துக்கொள்ளும் இடம் இது. இந்த முகத்தை எத்தனை முறை கண்டாலும் எனக்கு அலுத்ததில்லை. அதைத் தாண்டினால் சுவர் தாழ்ந்துவிடும், கிண்ணம் மறையும், கீல் தகடுகள் பிரியும், அவற்றின் உள்விளிம்பில் இரண்டு தடிப்புகள் தோன்றும். தேயத் தேய அவை தகட்டிலிருந்து கழன்று, வெற்றிடத்தில் தனியே நிற்கும் இரண்டு சிறு குறிகளாகத் தெரியும். தாங்குகால்கள் அவைதாம். அடுத்த சில முகங்களோடு அவையும் மறைந்துவிடும்.

அந்த இரண்டு குறிகளின் வடிவமும் திசையுமே பேரினத்தை, ஏன், குடும்பத்தையே முடிவு செய்கின்றன. 1886-இலேயே ரோத்பிளெட்ஸ் என்ற ஆய்வாளர் தாங்குகால்களை வகைப்படுத்தத் தொடங்கிவிட்டார். கீல் தகட்டின் வயிற்றுப்பக்கத்தில் கிளம்பி வயிற்று ஓட்டை நோக்கி வளைபவை ராடுலிஃபர். அகன்ற அலகாக முதுகு ஓட்டின் பக்கம் இறங்குபவை ஃபால்சிஃபர். முதுகு ஓட்டின் தரையையே தொட்டு நிற்பவை செப்டிஃபர். 1932-இல் மரியா விஷ்னியெவ்ஸ்கா போலந்தின் மேல் ஜுராசிக் ரிங்கொனெல்லிட்களைத் தேய்த்துப் பார்த்து இந்தப் பட்டியலை நீட்டினார். 1934-இல் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் ஹெலன் மியுர்-வுட், மீசோசோயிக் பிராக்கியோபாடுகளின் உள்ளமைப்பு பற்றிய தம் கட்டுரையை ராயல் சொசைட்டியின் இதழில் வெளியிட்டார். அதற்குப் பிறகு, தொடர்வெட்டுப் படம் இல்லாமல் புதிய ஜுராசிக் பேரினம் வகுப்பது அரைகுறை வேலையாகவே கருதப்பட்டது. டெரக் ஏகர் 1956 முதல் 1967 வரை வெளியிட்ட பிரிட்டிஷ் லையாஸ் ரிங்கொனெல்லிட்கள் பற்றிய நூலில் பக்கம் பக்கமாக இந்தப் படங்கள் வருகின்றன.

இந்தியாவுக்கும் இதில் பங்கு உண்டு. குஜராத்தின் கட்ச் பகுதியில் ஜுராசிக் அடுக்குகள் விரிந்து கிடக்கின்றன. பச்சம், சாரி, கட்ரோல், உமியா என்று அவற்றைப் பிரித்தவர் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா. நம் அரியலூர், திருச்சிப் பகுதிகளின் கிரிட்டேஷியஸ் புதைபடிவங்களை நான்கு தொகுதிகளாக எழுதிய அதே மனிதர்தான். தென்னிந்தியப் பிராக்கியோபாடுகளைப் பற்றிய அவருடைய பகுதி 1872-இல் வந்தது. கட்சின் பிராக்கியோபாடுகளை எஃப். எல். கிச்சின் 1900-இல் விவரித்தார். அந்தக் காலத்து வழக்கப்படி விலா மடிப்புள்ளவை பலவும் ரிங்கொனெல்லா, வழவழப்பானவை பலவும் டெரிப்ராட்டுலா என்று போயின. பக்மன் தம் பர்மா நூலில் அவற்றைப் பிரித்தெடுத்து கட்சிரிங்கியா, கட்சிதைரிஸ் என்ற பேரினங்களை நிறுவினார். ஊர்ப்பெயர் தாங்கிய கட்சிரிங்கியாவின் இனங்கள் இன்று இங்கிலாந்துப் பாறைகளிலிருந்தும் குறிக்கப்படுகின்றன.

1935-இல் மியுர்-வுட் பிரிட்டிஷ் சோமாலிலாந்தின் ஓடுகளைத் தேய்த்தபோது சோமாலிரிங்கியா, டாகனிரிங்கியா, பிஹெனிதைரிஸ் போன்ற பேரினங்கள் வெளிப்பட்டன. வெளியே பார்த்தால் ஐரோப்பிய ஓடுகளாகவே எடுத்துக்கொள்ளலாம்; உள்ளே வேறு. கட்ச், சோமாலியா, அரேபியா, மடகாஸ்கர் கரைகளைச் சேர்த்துத் டெதிஸ் என்ற பழங்கடலின் தென்பகுதிக்கென்று தனி விலங்குக் கூட்டம் இருந்தது என்ற கருத்து வலுப்பெற்றதில் இந்த உள்ளமைப்பு ஆய்வுகளுக்கு முக்கிய இடம் உண்டு. இந்தியா அன்று ஆப்பிரிக்காவின் பக்கத்தில் ஒட்டியிருந்தது. மில்லிமீட்டர் கணக்கில் தேய்த்துக் கண்ட தாங்குகால், கண்டங்களின் நிலையைப் பற்றிய பேச்சில் சாட்சியாக வந்து நிற்கிறது.

தொடர்வெட்டையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடக் கூடாது. ஓட்டைச் சற்றே சாய்த்துத் தேய்த்தால் அதே தாங்குகால் வேறு வடிவில் தெரியும். முதிர்ந்த ஓடுகளில் உட்புறம் சுண்ணாம்பு தடித்துப் பல் தகட்டை மூழ்கடித்துவிடும். இல்லை என்று எழுதிவிடுவோம். நீண்ட வளையமுள்ள வகைகளில் வளையம் வளர்ச்சியோடு மாறிக்கொண்டே வரும். இளமையில் நடுச்சுவரோடு ஒட்டியிருந்து, ஒரு பக்கம் கரைந்தும் மறுபக்கம் படிந்தும் வளர்ந்து, கடைசியில் சுவரை விட்டு விலகும். ஒரு பேரினத்தின் குட்டி இன்னொரு பேரினத்தின் முதியதைப்போல் இருக்கக் கூடும். எனவே ஒரே ஓட்டைத் தேய்த்துவிட்டுப் பேரினம் அறிவிப்பது எனக்கு உடன்பாடில்லாத செயல். வெவ்வேறு வயதுள்ள சில ஓடுகளையாவது தேய்க்க வேண்டும். அதற்கு ஒரே அடுக்கிலிருந்து நிறையச் சேகரித்திருக்க வேண்டும்.

இப்போது எக்ஸ்ரே நுண்தளப் படமெடுப்பு வந்துவிட்டது. இனி எதையும் தேய்க்க வேண்டாமே என்று மாணவர்கள் கேட்கிறார்கள். உள்ளே சேறு நிரம்பிய ஓட்டில், அல்லது வெறுமையாகவே நிலைத்த ஓட்டில், அது அருமையாக வேலை செய்கிறது. கால்சைட் நிரம்பியதில் எக்ஸ்ரேக்குத் தாங்குகாலும் நிரப்பும் ஒன்றேபோல் தெரியும். சின்க்ரோட்ரான் கதிர் சில சமயம் உதவுகிறது. எல்லோருக்கும் எல்லா ஓட்டுக்கும் அது கிடைத்துவிடாது. மூல மாதிரியாகக் குறிக்கப்பட்ட ஒரே ஓட்டை முதலில் எக்ஸ்ரேயில் பார்க்காமல் தேய்ப்பதற்கு இனி எந்தச் சமாதானமும் கிடையாது. மற்றவற்றைத் தேய்க்கத்தான் வேண்டியிருக்கும். தேய்த்தால் அசிடேட் தாள்களையும் பிளாஸ்டர் வார்ப்பையும் அருங்காட்சியகத்தில் ஒப்படைக்க வேண்டும். கட்டுரையில் வருவது வரைந்தவர் புரிந்துகொண்டது மட்டுமே. தாளில் இருப்பது கல்லின் முகம். ஐம்பது ஆண்டுக்குப் பிறகு ஒருவர் அந்தப் படத்தைச் சந்தேகித்தால் திரும்பிப் பார்க்கத் தாள் வேண்டும். பழைய கட்டுரைகள் பலவற்றில் தாள் எங்கே என்று தேடினால் கிடைப்பதில்லை. இது எனக்கு மனவருத்தம் தருகிற விஷயம்.

கூட்டம் முடிந்ததும் வெளியே உள்ள நீண்ட மேசைக்கு வாருங்கள். ஒரு கட்ச் ரிங்கொனெல்லிடின் தாள்களை வரிசையாக வைத்திருக்கிறேன். பக்கத்திலேயே நுண்ணோக்கி இருக்கிறது. கண்ணாடியை விளிம்பில் பிடித்துக்கொள்ளுங்கள். பற்கள் குழியில் இறங்கும் தாளிலிருந்து தொடங்குங்கள். அங்கிருந்து ஒவ்வொன்றாக முன்னே போனால் தாங்குகால்கள் கீல் தகட்டை விட்டுக் கழலும் தாளை நீங்களே கண்டுபிடித்துவிடலாம். அவை வயிற்று ஓட்டின் பக்கம் திரும்புகின்றனவா, முதுகு ஓட்டின் பக்கம் திரும்புகின்றனவா என்று பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள். இளைஞர்கள் முதலில் பார்க்கட்டும்.